"சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள்

தலையில் அடிபட்டோ, பக்கவாதமோ மூளைக்காய்ச்சலோ வந்தோ ஞாபகம் தங்காமல் போன ஒருவர் வீடு திரும்பியதும், சுற்றியிருப்பவர்கள் செய்கிற முதல் காரியம் அவருக்குப் பரீட்சை வைப்பதுதான். "நான் யாரு, சொல்லு பார்க்கலாம்?" "இன்னைக்கு என்ன கிழமை?" "காலையில யார் வந்துட்டுப் போனாங்க?" எல்லாம் பிரியத்தில் கேட்பது. கேட்கக் கேட்க ஞாபகம் திரும்பிவிடும் என்று ஒரு நம்பிக்கை. விபத்தில் மூளையில் அடிபட்டு என் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பயிற்சி கொடுக்க வந்த தெரபிஸ்ட் முதல் நாளே நிறுத்தச் சொன்னது இந்தக் கேள்விகளைத்தான். அண்ணனோடு கூடவே இருந்து இத்தனை வருடத்தில் கற்றதில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் நானும் அதையே சொல்வேன். பதில் தெரியாதவரிடம் கேட்காதீர்கள். பதிலை முதலில் நீங்களே சொல்லுங்கள்.

நமக்கு ஒரு பதில் தப்பாகிப் போனால், அடுத்த முறை "போன தடவை இப்படிச் சொல்லித்தானே தப்பாச்சு" என்று நினைவு வந்து நிறுத்துகிறது. அந்த நினைவே தங்காதவருக்கு யார் நிறுத்துவது? திருத்தியது மறந்துவிடும், வாயில் வந்த தப்பு மட்டும் பழகிவிடும். "கண்ணாடியை எங்க வச்சிருக்கோம், யோசிச்சுச் சொல்லு" என்று அண்ணனை ஒரு முறை அண்ணி கேட்டார். அண்ணன் உத்தேசமாக மேஜை டிராயர் என்றார். இல்லை, அலமாரி மேல்தட்டு என்று அண்ணி எடுத்தும் காட்டினார். அதன் பிறகு வாரக்கணக்கில் கண்ணாடி தேடும்போதெல்லாம் அண்ணனின் கை நேராக டிராயருக்குத்தான் போனது.

1994இல் இங்கிலாந்தில் பார்பரா வில்சன், ஆலன் பாட்லி ஆகியோர் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். கடுமையான மறதி உள்ளவர்களைத் தட்டுத்தடுமாறித் தப்பு செய்து கற்க விடுவதைவிட, தப்புக்கே இடம் கொடுக்காமல் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. தெரபிஸ்டுகள் இதைப் பிழையில்லாக் கற்றல் என்கிறார்கள். வீட்டில் இதைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். "இவர் யாருன்னு சொல்லு" என்று நிறுத்துவதற்குப் பதில், "இவர் உன் கூட வேலை பார்த்தவர், பக்கத்து சீட்" என்று சொல்லிவிட்டு, அண்ணனையும் ஒரு முறை அதைச் சொல்லவைத்தால் போதும். யாராவது வந்தால் நாங்கள் வாசலிலேயே சொல்லிவிடுவோம்: உள்ளே போனதும் உங்கள் பெயரையும் உறவையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இதற்கு மட்டும் பழகிய பிறகே வீட்டில் பாதி இறுக்கம் குறைந்தது. அண்ணனும் ஆட்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதை விட்டார்.

ஞாபகமே இல்லாதவருக்கு எப்படிக் கற்றுக்கொடுக்க முடியும் என்று பலர் கேட்கிறார்கள். ஞாபகம் என்பது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே சரக்கு கிடையாது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை சிகிச்சை நடந்தது. இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தித்தவர்களையோ நடந்ததையோ அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து, நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு போட வேண்டும். மூன்று நாளில் மொலேசன் கை நன்றாகத் தேர்ந்துவிட்டது. ஆனால் முன்பு செய்த நினைவு அவருக்குச் சுத்தமாக இல்லை. கை கற்கும் வழி வேறு, நிகழ்ச்சி தங்கும் வழி வேறு. அண்ணனுக்குக் கொடுத்த பயிற்சி எல்லாம் முதல் வழியை நம்பித்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1911இல் கிளாபரேட் என்ற சுவிஸ் மருத்துவர், ஞாபகம் தங்காத ஒரு பெண்ணோடு கை குலுக்கும்போது விரல்களுக்கு இடையே ஒரு ஊசியை மறைத்து வைத்துக் குத்தினார். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு அது நினைவில்லை, ஆனாலும் கை கொடுக்க வந்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தச் சோதனை கொடுமையானது, இன்று யாரும் செய்யவும் கூடாது. எனக்கு அதில் உறைத்தது வேறு: நாம் எரிந்து விழுந்தால், எதற்காகத் திட்டினோம் என்பது அவர்களுக்கு மறந்துவிடும். நம்மைக் கண்டதும் உள்ளே வரும் கலக்கம் மறக்காது. "எப்படியும் மறந்திடுவார்" என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். அண்ணனுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும்போது சட்டைப் பையில் இருக்கும் நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். நோட்டு வாங்கிக் கொடுத்தால் போதாது. நோட்டு இருப்பதே மறந்துவிடுமே! தெரபிஸ்ட் செய்தது இப்படி. "சார், அடுத்து என்ன பண்றதுன்னு தெரியலைன்னா நோட்டைப் பார்க்கணும். தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க?" உடனே அண்ணன் "நோட்டைப் பார்ப்பேன்" என்றார். சொல்வதோடு கையும் பைக்குள் போய் நோட்டை எடுத்துத் திறக்க வேண்டும். பிறகு வேறு பேச்சு. 15 விநாடி கழித்து அதே கேள்வி, அதே வார்த்தைகளில். சரியாகச் சொன்னதும் அடுத்து 30 விநாடி. அப்புறம் 1 நிமிடம், 2 நிமிடம், 4 நிமிடம், 8 நிமிடம் என்று இடைவெளி இரட்டிப்பாகும். நடுவில் ஜன்னல், கிரிக்கெட், பழைய அலுவலகம் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பார். அண்ணன் லேசாகத் தயங்கினாலும், "யோசிங்க சார்" என்ற பேச்சே கிடையாது. பதிலை அவரே சொல்லி, அண்ணனைச் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்பிவிடுவார்.

இதுவும் கேள்விதானே, முதலில் கேட்காதே என்றாயே என்று தோன்றலாம். இங்கே கேள்வி கேட்பது பதில் நிச்சயமாக வரும் என்று தெரிந்த பிறகு. சோதிப்பதற்காகக் கேட்பதற்கும் பழக்குவதற்காகக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் நினைவுகூர வைக்கும் இந்த முறையை 1978இல் லாண்டாவர், பியோர்க் என்ற இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். பின்னாளில் கேமரூன் கேம்ப் அதை அல்சைமர் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். ஒரு வேளைக்கு ஒரே விஷயம் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இரண்டை ஒன்றாகக் கலந்தால் இரண்டும் குழம்பும்.

நோட்டைப் பார்க்கும் பழக்கம் கைவந்த பிறகுதான் அதில் என்ன எழுதுவது என்ற பேச்சு வந்தது. ஒரு பக்கத்தில் இன்று செய்ய வேண்டியவை, எதிர்ப்பக்கத்தில் நடந்தவை. கடைசிப் பக்கங்களில் ஆட்களின் படம், பெயர், உறவு. பேனாவை நூலால் நோட்டிலேயே கட்டினோம். துண்டுச் சீட்டு எதுவும் வீட்டில் கூடாது, எழுதினால் நோட்டில்தான். ஒரு சின்ன விஷயம் எங்களுக்குப் பெரிதாக உதவியது. 'மாத்திரை' என்பதற்கு எதிரே டிக் போடுவது மாத்திரையை விழுங்கிய பிறகுதான், கையில் எடுத்தவுடன் இல்லை. கையில் எடுத்து டிக் போட்டுவிட்டு, நடுவில் போன் வந்தால் மாத்திரை அப்படியே மேஜையில் கிடக்கும், நோட்டோ போட்டாச்சு என்று சொல்லும். அதனால் வரிசையையே பிழையில்லாமல் பழக்கினோம்: பெட்டியைத் திற, வாயில் போடு, தண்ணீர் குடி, பேனா எடு.

மொபைல் அலாரமும் வைத்தோம். வெறும் மணி அடிக்கும் அலாரத்தால் பயன் இல்லை, எதற்காக அடிக்கிறது என்பது தெரியாதே. திரையில் வாக்கியமாக வர வேண்டும், அதுவும் செய்ய வேண்டிய காரியமாக வர வேண்டும். "மருந்து" என்று மட்டும் போட்டால் அண்ணன் அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "எழுந்து போய் நீலப் பெட்டியில் இரவு என்று எழுதியிருக்கும் மாத்திரையைப் போடு" என்று வந்தால் எழுந்து போவார். மொபைல் பரவலாவதற்கு முன்பே, தலையில் அடிபட்ட மகனுக்காக ஒரு பொறியாளர் அப்பா பேஜரில் நினைவூட்டல் அனுப்பும் நியூரோபேஜ் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். அதை வைத்து வில்சன் குழு 2001இல் 143 பேரிடம் நடத்திய ஆய்வில், முழுவதும் பங்கெடுத்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அன்றாட வேலைகளை முன்பைவிட ஒழுங்காகச் செய்தார்கள். நோட்டையும் அலாரத்தையும் நம்பினால் மூளை சோம்பேறியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கடுமையான மறதிக்கு உருப்படியாக உதவுவது இந்த வெளித்துணைகள்தான் என்பதை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மறுவாழ்வு நிபுணர்கள் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். லேசான மறதி உள்ளவர்களுக்கு மனதில் படமாக்கிப் பார்ப்பது, கதையாகக் கோர்ப்பது போன்ற உத்திகளும் பலன் தரும். அண்ணனுக்கு அவை எட்டவில்லை. உத்தியைப் பயன்படுத்தவே ஞாபகம் வேண்டியிருந்தது.

இனி கவனம். மறதி என்று நாம் சொல்வதில் பாதி கவனக் குறைவு. உள்ளே போகாத ஒன்றை மறக்க முடியாது. தெரபிஸ்ட் எண்களை வரிசையாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னபோது அண்ணன் நன்றாகவே சொன்னார். பக்கத்து அறையில் டிவி ஓடியபோது அதே வேலையில் பாதியிலேயே நின்றுவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நாங்கள் சமையலறையிலிருந்து சத்தமாகச் சொன்னதெல்லாம் அவர் மறந்தவை இல்லை, அவரைச் சேராதவை.

சோல்பெர்க், மட்டீர் என்ற இருவர் 1980களில் கவனத்தை ஐந்து படியாகப் பிரித்தார்கள். ஒன்றின் பக்கம் திரும்புவது, அதில் நீடித்து நிற்பது, இடைஞ்சலுக்கு நடுவில் வேண்டியதை மட்டும் பிடிப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறிப் போவது, இரண்டை ஒரே நேரத்தில் பார்ப்பது. அண்ணனின் பயிற்சியும் இந்த வரிசையில்தான் ஏறியது. பதிவு செய்த எண்களைக் கேட்டு 5 வரும்போதெல்லாம் மேஜையைத் தட்டுவது. பின்னணியில் பேச்சுச் சத்தத்தோடு அதையே செய்வது. சீட்டுக்கட்டை முதலில் நிறப்படி பிரித்து, "மாத்து" என்றதும் எண்படி பிரிப்பது. இந்த "மாத்து" அண்ணனுக்கு ரொம்ப நாள் பிடித்தது. புது விதியைச் சொல்லிக்கொண்டே கை பழைய விதிப்படி சீட்டைப் போடும். கை செய்வதை அவரே பார்ப்பார், முகம் சுருங்கும், ஆனாலும் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் தெரபிஸ்ட் அவர் கையின் மேல் தன் கையை வைத்து அடுத்த சீட்டைச் சரியான குவியலுக்கு நகர்த்துவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இந்தப் பயிற்சிகள் அவற்றோடு நின்றுவிட்டால் வீண். எண்ணைக் கேட்டு மேஜை தட்டுவதில் கெட்டிக்காரர் ஆவார், அவ்வளவுதான். அன்றாட வேலையோடு சேராத கணினிப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் நம்ப வேண்டாம் என்று மூளைக்காயத்துக்கான இன்காக் சர்வதேச வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. அதனால் அண்ணனின் ஒவ்வொரு படிக்கும் வீட்டில் ஒரு ஜோடி வேலை இருந்தது. சீட்டைப் பிரிப்பதோடு, பழைய ரசீதுகளை மாதவாரியாகப் பிரித்துக் கூட்டுவது. கணக்கு பார்த்த ஆள் என்பதால் அதில் மனம் ஒட்டியது. எந்த வேலை ஒட்டும் என்பதை அவரவர் பழைய வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

மூளைப் பயிற்சி ஆப்கள் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை 6 வாரம் கணினி விளையாட்டுகளில் பழக்கிப் பார்த்தது. பழகிய விளையாட்டில் தேறினார்கள், பழகாத வேலைகளுக்கு அந்தத் தேர்ச்சி போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரிடம் நடந்த ஆக்டிவ் ஆய்விலும், எதைப் பழக்கினார்களோ அந்தத் திறன்தான் கூடியது. 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது பகுத்தறியும் பயிற்சிக்கும் வேகப் பயிற்சிக்கும் பலன் மிஞ்சியிருந்தது, ஞாபகப் பயிற்சியின் பலன் தங்கவில்லை. வயதானால் வரும் மறதியைத் தங்கள் விளையாட்டு தடுக்கும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், ஆதாரம் இல்லாமல் சொன்னதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை முடிக்க 2016இல் 20 லட்சம் டாலர் கட்டியது. பிடித்தால் விளையாடட்டும், தவறில்லை. நோட்டுக்கும் நடைமுறைப் பயிற்சிக்கும் போக வேண்டிய தெம்பை அதற்குச் செலவழிக்காதீர்கள் என்பதே என் கருத்து. அந்தத் தெம்பு ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கிறது.

தெம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. மூளையில் அடிபட்டவரின் களைப்பை வெளியிலிருந்து பார்த்தால் சோம்பல் மாதிரி தெரியும். அண்ணனுக்குக் காலையில் சரளமாக வருவது மாலையில் வராது. அதனால் பயிற்சி காலையில், சின்னச் சின்னதாக, நடுவில் கண்ணை மூடிப் படுக்க இடைவெளியோடு. தூக்கம் கெட்ட மறுநாள் புதிதாக எதுவும் கிடையாது, தெரிந்ததையே செய்துவிட்டு விட்டுவிடுவோம். பயிற்சியில் இறங்கும் முன் இன்னொன்றையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள் எல்லாமே ஞாபகத்தையும் கவனத்தையும் இழுத்துப் பிடிப்பவை. அவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும்.

எல்லாவற்றிலும் கடினமானது, தனக்கு ஒன்றுமே இல்லை என்று அவர் நம்பியது. "எனக்கு நல்லாத்தான் ஞாபகம் இருக்கு, நீங்கதான் படுத்துறீங்க." இது பிடிவாதம் இல்லை, தன் குறையைக் காணும் பகுதிக்கும் அடிபட்டிருக்கிறது. வாதாடி ஜெயிக்கவே முடியாது. தெரபிஸ்ட் ஒரு வழி காட்டினார். வேலைக்கு முன் அண்ணனையே மதிப்பிடச் சொல்வது: "பத்துப் பொருள் பட்டியல், நோட்டு இல்லாம எத்தனை எடுத்துட்டு வருவீங்க?" அவர் சொன்ன எண்ணை அவர் கையாலேயே எழுதவைப்பார். முடிந்ததும் வந்த எண்ணைப் பக்கத்தில் எழுதவைப்பார். அடுத்து நோட்டோடு அதே மாதிரி ஒரு வேலை. யாரும் எதுவும் சொல்லமாட்டோம். இரண்டு எண்களும் அவர் கையெழுத்திலேயே இருக்கும். நாள்போக்கில் அவர் முன்கூட்டிச் சொல்லும் எண் இறங்கி, உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. நோட்டைத் தானாக எடுப்பதும் அதோடுதான் கூடியது.

வேலையின் நடுவில் தடம் மாறிப் போவதற்கு இயன் ராபர்ட்சன், பிரையன் லெவின் ஆகியோர் வளர்த்தெடுத்த ஒரு முறை உண்டு. நடுநடுவே தன்னையே நிறுத்தி, "இப்ப நான் எதைச் செய்ய வந்தேன்?" என்று கேட்டுக்கொள்வது. முதலில் நாங்கள் வெளியிலிருந்து "நில்" என்போம், அவர் உரக்கச் சொல்வார். அப்புறம் அவரே உரக்க, அப்புறம் முணுமுணுப்பாக. இன்றும் அண்ணன் மாடிப்படி ஏறும்போது "சார்ஜர் எடுக்கப் போறேன், சார்ஜர்" என்று சொல்லிக்கொண்டேதான் போகிறார். வந்தவர்கள் வேடிக்கையாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவருக்கு வருவதில்லை.

அண்ணனுக்குப் பழைய ஞாபகம் திரும்பிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நேற்று யார் வந்தார்கள் என்பது இன்றும் நோட்டில்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரையை அவரே போட்டுக்கொள்கிறார், தெரிந்த வழியில் தனியாகப் போய் வருகிறார், மாதக் கணக்கை டிவியை அணைத்துவிட்டுத் தானே போடுகிறார். அல்சைமர் மாதிரி படிப்படியாகக் கூடும் நோயில் இலக்கை இன்னும் சின்னதாக வைக்க வேண்டும். கழிவறை எந்தப் பக்கம், அழைப்புமணி எங்கே என்ற அளவில். முறை அதேதான்.

கடைசியாக, பார்த்துக்கொள்பவர் ஒருவரே எப்போதும் இருக்க முடியாது. அண்ணி ஊருக்குப் போனாலோ நான் இல்லாவிட்டாலோ வேறு யாராவது வருவார்கள். அவர்கள் கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டாலே அண்ணனுக்குப் பதில் வராமல் போகும். அதனால் ஒரு தாளில் எழுதி நோட்டின் முன்அட்டைக்குள் ஒட்டியிருக்கிறோம். இப்போது பழக்கிக்கொண்டிருக்கும் ஒரே விஷயம், அதைக் கேட்கும் வாக்கியம் எழுத்துக்கு எழுத்து, அவர் சொல்ல வேண்டிய பதில், இப்போது எட்டியிருக்கும் இடைவெளி, தயங்கினால் எத்தனை விநாடியில் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்பது. பழகியதும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுகிறோம். இப்போது ஒட்டியிருப்பது வெளியே கிளம்பும் முன் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்ப்பது, 4 நிமிடத்தில் இருக்கிறது.